வெள்ளிக்கிழமைச் சர்க்கரை

அவர் எதையும் ஒரே தடவை கேட்டுவிட்டு விடமாட்டார். கேட்பார், பதிலை வாங்கிக்கொள்வார், தலையாட்டுவார். பேச்சு எங்கெங்கோ சுற்றி வந்த பிறகு, அதே கேள்வியை வேறு பக்கமாகத் திருப்பி மறுபடியும் கேட்பார். இரண்டு பதிலும் பொருந்தினால் நீங்கள் பிழைத்தீர்கள்.

சிராங்கூனில் இருந்த அவருடைய அடுக்குமாடி வீட்டில் ஓர் அறையை வாடகைக்குப் பார்க்கப் போன அன்றே எனக்கு இது தெரிந்துவிட்டது. சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. கதவைத் திறந்ததும் கேட்டார்.

"எந்த ஊரு?"

"தஞ்சாவூர் பக்கம், ஆன்ட்டி."

அறையைக் காட்டினார். குளியலறை, துணி காயப்போடும் இடம், சமையலறையில் எனக்கான அலமாரி என்று எல்லாவற்றையும் காட்டினார். நான் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது, போகிற போக்கில் கேட்பதுபோல், "அப்பா அம்மால்லாம் எங்க இருக்காங்க?" என்றார்.

"கும்பகோணத்துல."

அவர் முகம் இறுகிவிட்டது. "மொதல்ல தஞ்சாவூர்னு சொன்னீங்க."

தஞ்சாவூர் மாவட்டத்துக்குள்தான் கும்பகோணம் இருக்கிறது என்று கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் பார்த்தார். அப்படியும் உடனே சம்மதிக்கவில்லை. தமிழர் கடைகள் நிறைந்த தேக்காவில் ஒரு பூக்கடையில் கும்பகோணத்துக்காரர் ஒருவரைத் தேடிப் பிடித்து விசாரித்துவிட்டுத்தான் என்னை வரச் சொன்னார் என்பது பிறகு தெரிந்தது.

கல்யாணமாகி வேறு வீடு போகும்வரை அங்கேதான் இருந்தேன். இடையில் ஒரு தடவை, போயே விடுவது என்று பெட்டியை எடுத்து வெளியே வைத்தேன். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன். ஆனால் அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

ஓய்வு பெறும்வரை அவர் ஒரு தொடக்கப்பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்தவர். பள்ளி விடுவதற்கு முன்பே யாராவது வந்து, நான் இந்தப் பிள்ளையின் மாமா, அழைத்துப் போக வந்திருக்கிறேன் என்று நின்றால், விசாரிப்பது அவர் பொறுப்பு. உட்கார வைத்துப் பிள்ளையின் பெயர், வகுப்பு, வீட்டு முகவரி எல்லாம் கேட்பாராம். பிறகு தண்ணீர் கொடுத்து, வெயிலைப் பற்றிப் பேசி, அதே கேள்விகளை மறுபடியும் கேட்பாராம்.

"பொய் சொல்றவங்க ரெண்டாவது தடவை வேற மாதிரி சொல்வாங்க. உண்மை மட்டும்தான் மாறாது," என்பார். வேலையை விட்ட பிறகும் அந்த நாற்காலியை விட்டு அவர் எழுந்திருக்கவே இல்லை என்று எனக்குத் தோன்றும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்கா சந்தைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போவார். மீன் கடைக்காரரிடம், "இன்னைக்கு வந்ததா?" என்று கேட்பார். அவர் ஆமாம் என்பார். ஆன்ட்டி நகர்ந்து கடையின் மறுபக்கம் போய், மீன் வெட்டுகிறவரிடம், "இது எப்ப வந்துச்சு?" என்பார். ஒரு தடவை கடைக்காரர் இவரைத் தூரத்தில் பார்த்ததுமே, இந்த ஊர்ப் பேச்சுக்கே உரிய 'லா'வோடு சத்தம் போட்டார்.

"ஆன்ட்டி, மொதல்ல அந்தப் பக்கம் கேட்டுட்டு வாங்க. நேரம் மிச்சம்லா!"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஆன்ட்டி சிரிக்கவில்லை. என் காதருகே குனிந்து, "பாத்தீங்களா, ரெண்டு பேரும் முன்னாடியே பேசி வச்சிருக்காங்க," என்றார். அன்று மீன் வாங்கவில்லை.

பேருந்தில் ஏறினால் ஓட்டுநரிடம், "பிடோக் போகுமா?" என்பார். உட்கார்ந்ததும் பக்கத்தில் இருப்பவரிடம், "இது எங்க போகுது?" என்பார். பிடோக்கில் அவருடைய பழைய தோழி ஒருவர் இருந்தார். எத்தனையோ வருஷமாகப் போய் வரும் வழி. வழி தெரியாமல் கேட்டதில்லை அது.

எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு தடவை எனக்குக் கடும் காய்ச்சல். கஞ்சி வைத்து அறைக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். வாயில் வைக்கப் பிடிக்கவில்லை, கிண்ணத்தை மூடி வைத்துவிட்டேன். வெளியிலிருந்தே, "குடிச்சீங்களா?" என்றார். "குடிச்சிட்டேன், ஆன்ட்டி," என்றேன். சற்று நேரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, "கஞ்சியில உப்பு சரியா இருந்துச்சா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் மூடியைத் திறந்துவிட்டார். திட்டவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கரண்டியாக ஊட்டினார். அம்மாவை விட்டு அவ்வளவு தூரத்தில் இருந்த எனக்கு, அந்தச் சந்தேகமே பெரிய ஆறுதலாக இருந்தது.

அவருக்குச் சர்க்கரை இருப்பதாகச் சொன்னது அரசாங்க மருத்துவ நிலையத்தில். அவர் நம்பவில்லை. வீட்டுக்குக் கீழே இருந்த தனியார் கிளினிக்கில் போய், முதல் சோதனையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல், மறுபடியும் ரத்தம் கொடுத்தார். அங்கேயும் அதையேதான் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து ரொம்ப நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு எடத்துலயும் ஒரே கம்ப்யூட்டர்லா. இவங்க எழுதினது அவங்களுக்குத் தெரியும்."

ஆனாலும் மாத்திரையைச் சாப்பிட ஆரம்பித்தார். காலையில் ஒன்று, சாப்பாட்டோடு. ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். பெர்த்தில் இருக்கும் மகனுக்கு இது தெரியக் கூடாது.

"தெரிஞ்சா வீட்ட வித்துட்டு அங்க வந்துருன்னு நிப்பான். நீங்க வாயத் தொறக்கக் கூடாது."

தொறக்க மாட்டேன் என்றேன். மறுநாளும் கேட்டார். மறுநாளும் சொன்னேன்.

அதன் பிறகுதான் அந்தச் சுகர் மிஷின் வீட்டுக்குள் வந்தது. உள்ளங்கையில் அடங்கும் சின்னக் கருவி. விரல் நுனியில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை அதில் செருகிய ஸ்ட்ரிப் என்னும் பட்டையில் வைத்தால் எண்ணைக் காட்டும். முதல் நாள் நானும் பக்கத்தில் இருந்தேன். 7.4 என்று வந்தது; நம் ஊர்க் கணக்கில் நூற்று முப்பதுக்குச் சற்று மேல். ஆன்ட்டி தலையாட்டினார். அவ்வளவோடு விட்டிருக்கலாம். அவர் விடுவாரா? அடுத்த விரலைக் குத்தினார். 8.1.

மிஷினை மேசைமேல் வைத்துவிட்டு, அது ஏதோ தவறான பெயரைச் சொல்லிக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்பதுபோல் பார்த்தார்.

"எது உண்மை?"

"ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதானே, ஆன்ட்டி."

"அதெப்படி? அதே ஆளு, அதே ரத்தம். காப்பிகூட குடிக்கல. இதுக்குள்ள மாறுமா?"

மூன்றாவது விரல் 7.7 என்றது. அன்றிலிருந்து அந்த மிஷின் அவர் கண்ணில் ஒரு பொய்யன்.

அதை வாங்கிய மருந்துக்கடைக்கே கொண்டுபோனோம். அங்கிருந்த சீன மருந்தாளர் இளம்பெண். மிகவும் பொறுமைசாலி. வீட்டு மிஷின் சொல்வது சரியான எண்ணின் அக்கம்பக்கத்தில் இருக்கும், அச்சு அசலாக அதே எண்ணாக இருக்காது, விரலுக்கு விரல், சொட்டுக்குச் சொட்டு கொஞ்சம் ஏறி இறங்கும் என்று ஆங்கிலத்தில் விளக்கினார். மிஷின் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கென்றே இருக்கும் திரவத்தில் ஒரு சொட்டை விட்டுக் காட்டினார். ஸ்ட்ரிப் டப்பாவில் அச்சிட்டிருந்த எல்லைக்குள்தான் எண் வந்தது. விரலை ரொம்ப அழுத்திப் பிழியாதீர்கள், ஸ்ட்ரிப் டப்பாவின் மூடியை இறுக்கி மூடுங்கள், இந்த ஊர் ஈரக்காற்று ஆகாது என்றார். கை கழுவுகிறீர்களா என்றும் கேட்டார்.

"ஆஃப் கோர்ஸ்," என்றார் ஆன்ட்டி. கொஞ்சம் கோபமாகவே சொன்னார்.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "அது மிஷின் விக்கிற பொண்ணு. மிஷின் தப்புன்னு அதுவே சொல்லுமா?"

கொஞ்ச நாளில் 7-க்கும் 8-க்கும் நடுவில் ஆடும் எண்களோடு ஒருவிதமாகச் சமாதானம் ஆனார். அப்போதுதான் வெள்ளிக்கிழமைத் தொல்லை தொடங்கியது.

வாரம் முழுக்க ஒழுங்காக இருக்கும் சர்க்கரை வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் எகிறியது. 12, 13 என்று காட்டும். இன்னொரு விரலைக் குத்தினால் 11 என்று வரும். வெறும் வயிற்றில்தான் பார்க்கிறார், முந்தின நாளும் ஒழுங்காகத்தான் சாப்பிட்டிருக்கிறார். அடுத்த வெள்ளியும் அப்படித்தான்.

முந்தின நாள் என்றால் வியாழக்கிழமை. வியாழன் இரவுச் சமையல் என்னுடையது. வெள்ளிக்கிழமை அந்த வீட்டில் மீன், கறி கிடையாது என்பதால், மறுநாள் மதியத்துக்கும் ஆகட்டும் என்று வியாழன்தோறும் சாம்பார் வைத்துவிடுவேன்.

வெள்ளிக்கிழமைகளில் எனக்கு வீட்டிலிருந்தே அலுவலக வேலை. கணினியைத் திறந்துகொண்டிருந்தபோது ஆன்ட்டி வந்து கதவில் சாய்ந்து நின்றார்.

"நேத்து சாம்பார்ல என்ன போட்டீங்க?"

"பருப்பு, புளி, முருங்கக்கா, சாம்பார்ப் பொடி."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல, ஆன்ட்டி."

போய்விட்டார். மதியம் தட்டில் சோறு போட்டுக்கொண்டே, "உங்க ஊர்ப் பக்கம் சாம்பார்ல வெல்லம் போடுவாங்களாம்லா?" என்றார்.

"சில வீட்டுல போடுவாங்க. நான் போடுறதில்ல."

சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது மூன்றாவது கேள்வி வந்தது. "எவ்வளவு போடுவாங்க?"

"ஒரு சின்னக் கட்டி," என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். அவர் மெதுவாகத் தலையாட்டினார். நானே ஒப்புக்கொண்டுவிட்டதுபோல் இருந்தது அந்தத் தலையாட்டல்.

அடுத்த வியாழன் சாம்பாரே வைக்கவில்லை. ரசம் வைத்தேன். வெள்ளிக்கிழமை மிஷின் 12-ஐத் தாண்டிக் காட்டியது. "ரசத்துலயும் போடலாம்லா," என்றார் ஆன்ட்டி, மிஷினைப் பார்த்தபடியே.

ஒரு நாள் அலுவலகத்திலிருந்து வந்து பார்த்தால், என் அறை அலமாரியில் இருந்த வெல்ல டப்பா சாப்பாட்டு மேசைமேல் உட்கார்ந்திருந்தது. ஊருக்குப் போய்வந்த ஒருவரிடம் அம்மா கொடுத்தனுப்பியது. நான் இல்லாதபோது அறைக்குள் நுழைந்து எடுத்திருக்கிறார்.

"இது என்ன?"

"வெல்லம். எனக்கு. டீயில போட்டுக்குவேன்."

"டீயில மட்டுமா?"

"ஆன்ட்டி, உங்க சாப்பாட்டுல சக்கரையக் கலந்து எனக்கு என்ன ஆகப்போகுது?"

"அதான் எனக்கும் தெரியல," என்றார். குரலில் கோபமே இல்லை. உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. காரணம் தெரியாமலேயே ஒருவர் என்னைக் குற்றவாளியாக்கிவிட்டார்.

அன்றிலிருந்து நான் சமைத்ததைச் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். ரொட்டியும் பாலும்தான். நானும் சும்மா இருக்கவில்லை, அவரைக் கவனிக்க ஆரம்பித்தேன். கூடத்தில் சாமி அலமாரியில் ஒரு கண்ணாடிச் சாடி இருந்தது. காய்ந்த திராட்சையும் கற்கண்டும் அதில் கலந்திருக்கும். வெள்ளிக்கிழமை காலையில் குளித்து, விளக்கேற்றி, ஒரு சின்னக் கிண்ணம் நிறைய அதிலிருந்து எடுத்து நைவேத்தியம் வைப்பார். மதியம் பார்த்தால் கிண்ணம் காலியாக இருக்கும். வீட்டில் நாங்கள் இரண்டு பேர். நான் சாப்பிடவில்லை. பிறகு யார்? யாரும் பார்க்காதபோது வாயில் போட்டுக்கொண்டு பழியை என் சாம்பார்மேல் போடுகிறார் என்று முடிவு கட்டினேன். அவர் சாமி கும்பிட்டுத் திரும்பும்போதெல்லாம் வாய் அசைகிறதா என்று பார்த்தேன். சுலோகம் சொன்னாலும் மெல்லுவதுபோலத் தெரிந்தது.

ஒரே சமையலறையில் இரண்டு பேர் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் இருக்க முடியும்? வேறு அறை தேடினேன். பிடோக்கில் ஒன்று கிடைத்தது. மாதக் கடைசியில் வருவதாகச் சொல்லிவிட்டேன். ஆன்ட்டியிடம் இன்னும் சொல்லவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் மிஷின் 14-ஐத் தாண்டியது. எனக்கு அது அப்போது தெரியாது. நாங்கள் பேசிக்கொள்வதையே குறைத்திருந்தோம். அந்த எண்ணைப் பார்த்துப் பயந்துபோய், ஆன்ட்டி ஒரு மாத்திரைக்கு இரண்டாகப் போட்டிருக்கிறார். ஏறின சர்க்கரை இறங்கட்டும் என்று ரொட்டியும் சாப்பிடவில்லை. பாலும் குடிக்கவில்லை.

மதியம் நெருங்கும் நேரம். நான் அறையில் அலுவலகக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தேன். கூடத்தில் ஏதோ விழுந்து உருளும் சத்தம். எட்டிப் பார்த்தேன். ஆன்ட்டி சோபாவில் உட்கார்ந்திருந்தார். எவர்சில்வர் டம்ளர் தரையில் கிடந்தது. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தும் ரவிக்கை முழுக்க வியர்வையில் நனைந்து ஒட்டியிருந்தது. கைகள் நடுங்கின.

"ஆன்ட்டி, என்ன ஆச்சு?"

என்னைப் பார்த்தார். பார்வை என்மேல் நிற்கவில்லை.

"பெல் அடிச்சிருச்சா?"

"என்ன பெல்?"

"பிள்ளைங்கல்லாம் போயாச்சா?"

என்ன சொல்வது என்று தெரியாமல், "போயாச்சு, ஆன்ட்டி," என்றேன்.

"சரி," என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அந்தச் 'சரி'தான் என்னை உலுக்கியது. பிள்ளைகள் எல்லாம் போயாச்சு என்று யாரோ சொன்னதை அவர் அப்படியே நம்பிவிட்டார். அப்படி நம்புகிறவர் இல்லை அவர்.

மிஷினை எடுத்து வந்தேன். அவர் விரல் வியர்வையில் வழுக்கியது. துண்டால் அழுத்தித் துடைத்துவிட்டுக் குத்தினேன். 2.6. நாலுக்குக் கீழே இறங்கினாலே ஆபத்து.

சமையலறைக்கு ஓடிச் சர்க்கரை டப்பாவைத் திறந்தவள், ஒரு கணம் அப்படியே நின்றுவிட்டேன். இந்த மிஷின் பொய் சொல்கிறது என்று மாதக்கணக்கில் கேட்டுக் கேட்டு எனக்கும் அதன்மேல் நம்பிக்கை போயிருந்தது. ஒருவேளை இது 2.6 இல்லையென்றால்? காலையில் ஏறியிருந்த சர்க்கரைமேல் நான் இன்னும் சர்க்கரையைக் கொட்டினால்? இத்தனை நாள் அவர் சொல்லிக்கொண்டிருந்ததை என் கையாலேயே செய்தவள் ஆவேன். ஆனால் மிஷினை விடுங்கள், அந்த வியர்வை பொய்யில்லை. அந்தக் கை நடுக்கம் பொய்யில்லை. நாலைந்து கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக்கொண்டு ஓடினேன்.

தலையைத் தாங்கி டம்ளரை உதட்டில் வைத்தேன்.

"என்னது இது?"

"சக்கரைத் தண்ணி, ஆன்ட்டி. கொஞ்சம் கொஞ்சமா முழுங்குங்க."

முழுங்கினார். இன்னொரு கேள்வி கேட்கவே இல்லை. கேட்க மாட்டாரா என்று எனக்கு அழுகை வந்தது.

ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டுத் திரும்பவும் குத்திப் பார்த்தேன். 3.8 ஆகியிருந்தது. வந்தவர்கள் தங்கள் மிஷினில் பார்த்தார்கள், 4.1 என்றது. இரண்டுக்கும் இருந்த வித்தியாசத்தை அவர்கள் சட்டை செய்யவே இல்லை. என்ன மாத்திரை, எத்தனை போட்டார், கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்றுதான் கேட்டார்கள். மாத்திரை அட்டையைப் பார்த்தபோதுதான் அன்று இரண்டு போயிருப்பது தெரிந்தது. இந்த மாத்திரையால் சர்க்கரை மறுபடியும் இறங்கக்கூடும் என்று சொல்லி மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார்கள். ஓர் இரவு வைத்திருந்தார்கள்.

மறுநாள் காலையில் அவர் தெளிவாக இருந்தார். மலேசியாவிலிருந்து வந்த தமிழ் நர்ஸ் ஒருவர், இங்கே தாதி என்பார்கள், கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஆன்ட்டி, வெள்ளிக்கிழமை காலையில எந்திரிச்சதுலேருந்து என்னென்ன செஞ்சீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

எழுந்தது, குளித்தது, பூக்கட்டி வைத்தது, விளக்கேற்றியது, நைவேத்தியம் வைத்தது, கும்பிட்டுவிட்டு மிஷினோடு உட்கார்ந்தது என்று வரிசையாகச் சொன்னார்.

"நைவேத்தியம் என்ன வச்சீங்க?"

"திராட்சை, கற்கண்டு."

"சாப்பிட்டீங்களா?"

"ஒண்ணுகூட வாயில வைக்க மாட்டேன். கீழ கூட்டுற பங்களாதேஷ் தம்பிக்குக் குடுத்துருவேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"கையாலதான எடுத்து வப்பீங்க? அதுக்கப்புறம் சோப்புப் போட்டுக் கை கழுவினீங்களா?"

"குளிச்ச கைலா. சாமிக்கு வச்ச கை. அத எதுக்குக் கழுவணும்?"

தாதி சிரிக்கவில்லை. "சுத்தமான கைதான், ஆன்ட்டி. ஆனா விரல்ல இனிப்பு ஒட்டியிருக்கும். இந்த ஊரு ஈரத்துல கற்கண்டு பிசுபிசுன்னு ஆயிரும், திராட்சை சொல்லவே வேணாம். ரத்தம் வெளிய வந்து அந்த இனிப்போட கலந்துச்சுன்னா மிஷின் அதையும் சேத்துத்தான் அளக்கும். ஏழு எட்டாகிறது சாதாரணம். அது பொய் இல்ல, மிஷினால அவ்வளவுதான் முடியும். ஏழு இருக்கிறவங்களுக்குத் திடீர்னு பதினாலு வந்தா, கை கழுவித் தொடச்சிட்டு மறுபடியும் பாருங்க. அப்பவும் ஏறியே இருந்தா எங்களக் கேளுங்க. நீங்களா மாத்திரையக் கூட்டாதீங்க."

ஆன்ட்டி கேட்டுக்கொண்டார், தலையாட்டினார். வேலை முறை மாறி வேறு தாதி வந்ததும் அவரிடமும் கேட்டார். பிறகு டாக்சியில் வீட்டுக்குத் திரும்பினோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கதவைத் தட்டினார்.

"வாங்க. பக்கத்துல உக்காருங்க. நான் ஏமாத்தலன்னு நீங்களும் பாக்கணும்."

மேசையில் மிஷின். பக்கத்தில் திராட்சைக் கிண்ணம். சோப்புப் போட்டுக் கை கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டு ஒரு விரலைக் குத்தினார். 8.2. பிறகு நாலைந்து திராட்சையை எடுத்து விரல்களுக்கு நடுவில் உருட்டிவிட்டு, அடுத்த விரலைக் குத்தினார். 15-க்கு மேல் காட்டியது. எழுந்து போய் மறுபடியும் கழுவிவிட்டு வந்தார். 7.9.

முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் அவர் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டது எனக்குக் கேட்டது.

"இது ரெண்டும் வேற வேறதான். ஆனா ரெண்டும் பொய் இல்ல."

அவ்வளவுதான் சொன்னார். சாம்பாரைப் பற்றியோ வெல்லத்தைப் பற்றியோ ஒரு வார்த்தையும் வரவில்லை. எனக்குள் ஏதோ கசந்தது. இப்போது சொல்லிவிடுவதுதான் சரி என்று தோன்றியது.

"ஆன்ட்டி, நான் பிடோக்ல ரூம் பாத்துட்டேன். மாசக் கடைசில போறேன்."

"ம்," என்றார். பார்வை திறந்திருந்த கதவு வழியே, கட்டிலுக்குக் கீழிருந்து நான் எடுத்து வெளியே வைத்திருந்த பெட்டிமேல் போயிற்று. மறுபடியும் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. ஸ்ட்ரிப் டப்பாவின் மூடியை இறுக்கி மூடினார். பிறகு, என்னிடம் சொல்வதுபோலவும் இல்லாமல், பேச ஆரம்பித்தார்.

"எங்க வீட்டுக்காரரு ஒருநா இந்த நாற்காலியிலதான் உக்காந்திருந்தாரு. நெஞ்ச நீவிக்கிட்டே. வலிக்குதான்னு கேட்டேன். இல்லேன்னாரு. நான் துணி காயப்போடப் போயிட்டேன்."

சன்னலுக்கு வெளியே துணி காய நீட்டியிருந்த மூங்கில் கழிகளைப் பார்த்தார்.

"ஒரு தடவதான் கேட்டேன்."

 எழுந்துபோய் மதியச் சமையலுக்கு அரிசி களைந்தேன்.

உலை கொதிக்கும் நேரத்தில் பெர்த்திலிருந்து மகன் அழைத்தார். ஞாயிறுதோறும் வரும் அழைப்பு. ஆன்ட்டி கைப்பேசியைத் தண்ணீர்க் குவளையில் சாய்த்து வைத்துக்கொண்டு பேசுவார். சமையலறையிலிருந்து எல்லாம் கேட்கும்.

"எப்படிம்மா இருக்கீங்க? எல்லாம் ஓகேவா?"

"ஓகேலா," என்பது வாராவாரம் வரும் பதில். அன்று அந்தப் பதில் வரவில்லை. அடுப்பைக் குறைத்தேன்.

"இப்ப என்ன கேட்ட?"

"எல்லாம் ஓகேவான்னு கேட்டேன். ஏன்மா, லைன் சரியில்லையா?"

"லைன் நல்லாத்தான் இருக்கு. அத இன்னொரு தடவை கேளு."

 மகனின் குரல் தாழ்ந்து வந்தது. "அம்மா, நீங்க ஓகேவா?"

"இல்லப்பா."

எல்லாவற்றையும் சொன்னார். சர்க்கரை, மாத்திரை, மிஷின், வெள்ளிக்கிழமை, ஆம்புலன்ஸ் எதையும் விடவில்லை. மகன் நடுவில் ஆங்கிலத்தில் பதறியபோதெல்லாம், "இருடா, சொல்லி முடிச்சிர்றேன்," என்றார். கடைசியில் என் பேச்சு வந்தது.

"கூட இருக்கிற பிள்ள சாப்பாட்டுல சக்கரையக் கலக்குதுன்னு நெனச்சேன். அது ரூம்ல பூந்து தேடினேன். அது கையால சாப்பிடல. அந்தப் பிள்ளதான் என் தலையத் தாங்கி வாயில சக்கரைத் தண்ணி ஊத்துச்சு. நான் செஞ்சது ரொம்பத் தப்புலா. இப்ப அது வீட்ட விட்டுப் போறேங்குது. போகாதன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

பிறகு நாற்காலி நகரும் சத்தம். கைப்பேசியோடு சமையலறை வாசலில் வந்து நின்றார். என் முகத்தைப் பார்க்காமல் திரையை என் பக்கம் திருப்பினார். கண்ணாடி போட்ட, அம்மாவின் அதே நெற்றியுள்ள மனிதர் அதில் கலங்கிப்போய் உட்கார்ந்திருந்தார்.

"சிஸ்டர், அம்மா இப்ப உண்மையிலேயே நல்லா இருக்காங்களா?"

"நல்லா இருக்காங்க," என்றேன்.

"நீங்க அங்க இருப்பீங்களா?"

ஆன்ட்டி கைப்பேசியை இன்னும் நீட்டிப் பிடித்திருந்தார். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இருப்பேன்."

மகன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எப்போது விடுமுறை கிடைக்கும், எந்த விமானம் என்றெல்லாம் ஏதேதோ சொன்னார். பிறகு, போகிற போக்கில் கேட்பதுபோல், நான் இருப்பேனா என்று இன்னொரு தடவை கேட்டார்.